பின்லாந்துக்குப் பருத்தி

ஐப்பசி பிறந்தும் மழை எட்டிப் பார்க்காத ஒரு மத்தியானம். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் முன்னறையின் காற்று இளகாமல் கனத்துக் கிடந்தது. அந்த அறையின் நடுவில், உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை இறங்கும் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, தேவசுந்தரம் குளிரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். குல்லாவின் விளிம்பில் வேர்வை திரண்டு கழுத்து வழியாக இறங்கியது. காப்பித் தம்ளரை அவர் முன்னால் வைத்த ஜெபிதாவுக்கு, துடைக்க ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கலாம் என்று தோன்றவில்லை. வழியட்டும் என்றுதான் தோன்றியது.

தேவசுந்தரம் அவளுடைய மாமனார் ஞானரத்தினத்தின் தம்பி. இளவயதில் கொடைக்கானலில் ஒரு விடுதியில் நாலு வருஷம் கணக்கு எழுதியவர். கணக்கறையில் எந்நேரமும் கணப்பு எரியும் என்றும், தம்முடைய நாற்காலி அதற்குப் பக்கத்தில் கிடந்தது என்றும் அவரே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஊர் திரும்பிய நாளிலிருந்து, குளிர் என்ற விஷயத்தில் சங்கரன்கோவில் முழுமைக்கும் தாம்தான் அதிகாரி என்ற எண்ணம் அவருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. மார்கழியில் மற்றவர்கள் அரைக்கைச் சட்டையோடு ஆலயத்துக்கு வரும்போது இவர் குல்லாவும் மப்ளருமாக வந்து, குளிரின் அருமை அறியாத ஜனங்களே என்பதுபோல எல்லோரையும் பரிதாபமாகப் பார்ப்பார்.

இப்போது அவருடைய அதிகாரத்துக்கு உண்மையாகவே ஒரு வேலை வந்துவிட்டது. அண்ணன் மகன் பிரபின் பின்லாந்துக்குப் போகிறான்.

பிரபின், ஜெபிதாவின் கணவன், குருவிகுளத்துக்கும் திருவேங்கடத்துக்கும் இடையிலுள்ள கரிசல் காடுகளில் நிற்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன். ஆடிக் காற்று ஓய்ந்துவிட்டால் இங்கே வேலையும் ஓய்ந்துவிடும். பின்லாந்தின் வடகோடியில் அதே வேலைக்கு, குளிர்காலம் முழுவதற்கும், ஆள் எடுத்தார்கள். கோபுரத்தின் உச்சியில், திறந்த வெளியில், உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியில் நின்று திருகு முடுக்க வேண்டும். மேலுடுப்பும் பூட்ஸும் கையுறையும் கம்பெனி கொடுக்கும். உள்ளே உடம்போடு ஒட்டி அணிவதை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். கம்ப்யூட்டர் வழியாகப் பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரர் அதைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: உள்ளே பருத்தி கூடவே கூடாது, மெல்லிய கம்பளி நூலில் பின்னிய உள்ளுடுப்புதான் வேண்டும். பிரபினின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஜெபிதா அதைத் தன் காதால் கேட்டாள். பிரபினும் கேட்டான். கேட்டதைத் தகப்பனாரிடம் மட்டும் அவன் சொல்லவில்லை.

ஜெபிதா ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் அவளுக்கு வேலை. சர்க்கரை வியாதிக்காரர்களின் கறுத்துப்போன கால்விரல்களை நாள்தோறும் கழுவி, மருந்து வைத்து, கடைசியில் ஒருநாள் அந்த விரல் இல்லாத காலுக்கும் கட்டுப் போட்டு அனுப்புகிறவள். குளிரில் விறைத்துச் செத்த விரல்களின் படங்களைப் பார்த்தபோது, அவை தன் மேசைமேல் வரும் விரல்களைப் போலவே இருப்பதைக் கண்டு அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். பிரபினுக்கு நீண்ட, நறுவிசான விரல்கள். அவற்றைப் பத்தாகத் திரும்பி வாங்க வேண்டும் என்பதைத் தவிர இந்தப் பயணத்தில் அவளுக்கு வேறு கோரிக்கை கிடையாது.

ஆனால் அந்த வீட்டில் உடுப்பைப் பற்றி முடிவெடுக்கிறவர் ஞானரத்தினம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பருத்தி அவருக்கு ஒழுக்கத்தின் ஓர் அங்கம். பாலியஸ்டர் சட்டை போட்டவனைச் சீட்டாடுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர், நாற்பது டிகிரி வெயிலில் முழு ஆயுளும் கழித்தவர், பருத்தி வேர்வையை உறிஞ்சும் என்பதைக் கண்ணாரக் கண்டவர். அந்த வெயிலில் எது நல்லதோ அதுவே பனியிலும் நல்லது என்று அவர் முடிவுகட்டியதில் ஆச்சரியம் இல்லை. அதைச் சந்தேகிக்க ஒரு நிமிஷம்கூடச் செலவிடவில்லை என்பதுதான் ஜெபிதாவுக்கு எரிச்சலாக இருந்தது.

தம்பி தேவசுந்தரம் முதலில் கம்பளிக் கட்சியில்தான் இருந்தார். அண்ணனுக்கு மறுப்புச் சொல்ல ஒரு வாய்ப்பு என்று பஸ் ஏறி, குருவிகுளத்தில் ஆடு வளர்க்கும் துரைப்பாண்டியிடம் போய்க் கம்பளி கேட்டார். துரைப்பாண்டி தன் கிடையைக் காட்டிச் சிரித்தானாம். "அண்ணாச்சி, நம்மூரு ஆட்டுக்கு இருக்கது வெறும் மயிரு. கம்பளி வேணும்னா இதுகளையும் பிரபினோட ஏத்தி விடுங்க, அங்கன குளுருல கெடந்து மொளைச்சா அறுத்துக்கிடலாம்" என்றானாம். திரும்பி வந்த தேவசுந்தரம் அன்று சாயந்திரமே கட்சி மாறினார். கம்பளி என்பது வெள்ளைக்காரன் தோலுக்கு ஏற்பட்டது, நம் உடம்பில் அது அரிப்பு எடுக்கும் என்று அண்ணனுக்கு முன்னால் அறிவித்தார்.

ஞானரத்தினத்தின் திட்டம் இது: டர்க்கித் துண்டு நெய்கிற தடித்த துணியில் முழுக்கை உள்சட்டை, முழுக்கால் உள்ளாடை, அதற்குமேல் பஞ்சு திணித்துத் தைத்த கையில்லாத கோட்டு. உள்ளாடைக்குத் தையற்காரரையும், கோட்டுக்கு மெத்தை தைக்கிறவரையும் அமர்த்தினார். மெத்தைக்காரர் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தலையணைக்குக் கழுத்து வெட்டினார்.

அளவு பார்த்த அன்று ஜெபிதா வாயைத் திறந்தாள். பயிற்சியில் கேட்டதைச் சொல்ல வேண்டியவன் பிரபின்தான் என்று அதை விட்டுவிட்டு, பணிவான குரலில்தான் திறந்தாள்.

"மாமா, காய்ச்சக்காரங்களுக்கு நாங்க ஈரத்துணி போடுதோமே, எதுக்கு? ஒடம்புச் சூட்ட எறக்கத்தான். ஏணியில ஏறுனா அங்கனயும் வேர்க்கும். பருத்தி அதக் குடிச்சி ஈரமாவே கெடக்கும். சூட்ட எறக்குத துணியத்தான் நீங்க ஒங்க மகனுக்கு ஒடம்பு முழுக்கச் சுத்தி அனுப்புதீங்க."

ஞானரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் மக்குப் பிள்ளை கேள்வி கேட்டால் அவர் செய்வது அது.

"நர்ஸ் படிப்புல இப்பம் நெசவும் சேத்துட்டாங்களோ?" என்று கேட்டார்.

தேவசுந்தரம் குல்லாவுக்குள்ளிருந்து சிரித்தார். பிரபின் அளவு நாடாவுக்குக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

பின்னால் அடுக்களையில் அவனை மடக்கிக் கேட்டபோது, அப்பா மனசு நோகும் என்றான். கொண்டுபோவது போலக் கொண்டுபோய் அங்கே போடாமல் இருந்துகொள்வேன் என்றான். ஜெபிதா அதை ஒரு சொல்லும் நம்பவில்லை. முதலாவது, விமானத்தில் அனுமதிக்கும் பெட்டியை அந்த மெத்தைகளே நிரப்பிவிடும். இரண்டாவது, தகப்பனார் வீடியோவில் கூப்பிட்டு, சட்டைக்குள்ளே காட்டுலே என்பார், இவன் காட்டுவான். கல்யாணத்தன்று அப்பா வாங்கி வந்தார் என்பதற்காக ஒரு அளவு குறைந்த ஷூவை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்குள் நொண்டியபடி நடந்து வந்தவன் இவன். முதலிரவில் அவள் செய்த முதல் வேலை, அவன் கட்டைவிரல் நகத்துக்கு மருந்து போட்டதுதான். தொண்ணூறு மீட்டர் உயரத்தில், ஆடும் கோபுரத்தின் தலையில், கால் நடுங்காமல் நிற்கிறவன் என்று கம்பெனியில் இவனைப் புகழ்கிறார்கள். அங்கே மேலே தகப்பனார் இல்லை என்பதுதான் அந்தத் தைரியத்தின் ரகசியம் என்று ஜெபிதா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அவளாகவே கம்பளி உள்ளுடுப்பு தருவித்தாள். பொட்டலத்தைப் பிரித்தபோது ஞானரத்தினம் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். துணிக்கு அப்பால் ஜன்னல் கம்பிகள் மங்கலாகத் தெரிந்தன. கொசுவலை என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். குளிரைத் தடிமனால் அடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அண்ணன் போன பிறகு தேவசுந்தரமும் ஒரு தடவை வந்து அதைத் தூக்கிப் பார்த்து, கொசுவலை என்றே சொன்னார்.

ஜெபிதா மிகவும் அஞ்சியது அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையை. புதுத் துணியை முதலில் ஆலயத்துக்குப் போட்டு வந்த பிறகே மற்ற இடத்துக்குப் போடுவது இங்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கம். வெளிநாட்டுக்குப் போகிறவனைச் சபைக்கு முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணி வழியனுப்புவது இன்னொரு வழக்கம். ஞானரத்தினம் இரண்டையும் ஒன்றாக்கினார். பிரபின் அந்த உடுப்போடு வந்து முன்னால் நிற்பான்; மீதிச் செட்டுகள் பீடத்தின் அடியில் வைக்கப்படும்; போதகர் கை வைத்து ஜெபிப்பார். சபை கூடி ஜெபித்த துணியைப் பிறகு யாரும் வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. அப்படிச் செய்தால் ஜெபத்தையே உதறியதாக ஊர் பேசும். சட்டையாக இருக்கும்வரை அதை வேண்டாம் என்று சொல்லலாம். ஆசீர்வாதமாக ஆகிவிட்டால் சொல்ல முடியாது. மாமனார் இதைத் தெரிந்தே செய்கிறாரா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அவ்வளவு தூரம் யோசிக்கிறவராக இருந்தால் பருத்தியைப் பற்றியும் யோசித்திருப்பார் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகைப் பொசுக்கியது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெபிதா, தன் கணவன் நடுப்பாதையில் நடந்து வருவதைப் பார்த்தாள். பஞ்சுக் கோட்டு அவன் தோள்களை உருண்டையாக்க, கைகள் உடம்போடு ஒட்டாமல் இருபுறமும் எழும்பி நின்றன. சிறு பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் பக்தியாக இருக்க முடியாது. ஞானரத்தினத்திடம் படித்தவர்கள் அதிகம். போதகர் நிதானமான மனிதர். பின்லாந்தின் அதிகாரிகளுக்காகவும், விமான ஓட்டிகளுக்காகவும், அந்தத் தேசத்தின் ஏழைகளுக்காகவும் முறையாக ஜெபித்து முடித்துத்தான் பிரபினிடம் வந்தார். அதற்குள் பிரபினின் முகம் செங்கல்லாகச் சிவந்துவிட்டது. ஆமென் சொல்லி முடித்தபோது அவன் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம் சூழ்ந்தது. பெண்கள் கோட்டைத் தொட்டுப் பார்த்து, எத்தனை மெத்தென்று இருக்கிறது என்று வியந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று விளக்கம் சொன்னார்கள். ஞானரத்தினத்துக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது.

"இதப் போட்டுக்கிட்டு ஐஸ் கட்டி மேல படுத்துத் தூங்கலாம்" என்றார்.

ஜெபிதா கூட்டத்துக்குள் வந்தாள். கேலிக்கு இடமில்லாத முகம்.

"அப்பம் ஒரு தடவ நின்னு பாத்துருவமே மாமா. ரியாஸ் அண்ணனுக்க ஐஸ் ரூமு ரோட்டு மேலதான இருக்கு. எல்லாரும் கண்ணால பாத்துக்கிடுவாக."

யாரோ நல்ல யோசனை என்றார்கள். இருபது ஜோடிக் கண்கள் தலைமையாசிரியரைப் பார்த்தன. பின்வாங்குவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

"அவன் என்ன நிக்க? நானே நிக்கேன்" என்று சொல்லி, பீடத்தடியில் ஜெபம் பெற்ற செட்டுகளில் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். ஆலயத்தின் பின்னறையில் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். காரில் ஏசி போட வேண்டாம், சோதனை கெட்டுவிடும் என்றும் சொல்லிவிட்டார். சபையார் முடிவை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள்; வீட்டார் நாலு பேரும் காரில் ஏறினார்கள். ராஜபாளையம் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரும் மகனைப் போலவே நனைந்து ஊறிவிட்டார்.

முகம்மது ரியாஸ் பிரபினோடு படித்தவன். ஐஸ்கிரீம் மொத்த வியாபாரி. அவனுடைய குளிரறையில் எந்நேரமும் உறைநிலைக்குக் கீழே பதினெட்டு டிகிரி. அவன் ஆட்களே கெட்டி ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உள்ளே போய், பெட்டியை எடுத்த கையோடு வெளியே ஓடி வந்துவிடுவார்கள். பஞ்சு மூட்டைகளாக இறங்கிய தகப்பனையும் மகனையும் பார்த்து அவன் முதலில் சிரித்தான். விஷயம் தெரிந்ததும் பயந்தான்.

"சார், நீங்க வேண்டாம். ஒங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா ஊர்ல என்னைய உரிச்சிருவானுவ."

"ஏலே ரியாஸ், வெப்பம் எப்பிடிக் கடத்தப்படுதுன்னு ஏழாங் கிளாஸ்ல நான்தானல நடத்துனேன்?"

"நடத்துனீங்க சார். அந்தப் பரிச்சையிலதான் நான் பெயிலு."

கதவின் உள்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் இருந்தது. அதை முழங்கையால் தள்ளினாலும் கதவு திறந்துவிடும் என்று ரியாஸ் இரண்டு தடவை செய்து காட்டினான். கதவில் உள்ளங்கையகலக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. தகப்பனும் மகனும் தேவசுந்தரமும் உள்ளே போனார்கள். தேவசுந்தரத்தின் கொடைக்கானல் அனுபவம், ரியாஸ் கதவைச் சாத்திக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கும்வரை நிலைத்தது. குல்லாவோடு வெளியே வந்தவர் அவசரமாக ஒரு போன் வருகிறது என்றார். அவருடைய போன் காரில் இருந்தது.

ஜெபிதா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். ஒரு கை கைப்பிடியில் இருந்தது. உடம்பு குளிருக்கு எப்படி விட்டுக்கொடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும்: முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் சொன்னதைக் கேட்காது, அதற்குப் பிறகு நாக்கு. நாக்கு வரைக்கும் விட அவள் தயாராக இல்லை. விரல்வரைக்கும் விடத் தீர்மானித்திருந்தாள்.

உள்ளே தகப்பனும் மகனும் ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவில் எதிரெதிரே நின்றார்கள். ஞானரத்தினம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து புகை வந்தது. பிரபின் தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் விளக்கம் நின்றது. ஊறிய துணி உடம்போடு ஒட்டி விறைத்தது. கோட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தது. பிரபினுக்குத் தாடை ஆடத் தொடங்கியது. அவன் பச்சைக் குமிழைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடியும் தலையாட்டினான். அப்பாவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் முதலில் போனால் தாம் பின்னால் போகலாம் என்று அவரும், அப்பா நிற்கும்போது தான் எப்படிப் போவது என்று இவனும் காத்து நின்றார்கள். படித்த இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு குமிழைத் தள்ளினால் வெயில், தள்ள ஆள் இல்லை. ஜெபிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் குடும்பத்தில் மரியாதை என்று பேர் வைத்திருப்பது இதைத்தான் என்று நினைத்தபோது வாய்க்குள் கசந்தது.

"மைனி, போதும்" என்றான் ரியாஸ்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

ஞானரத்தினத்தின் கண்ணாடியில் பனி படிந்துவிட்டது. அதைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அது கீழே விழுந்தது. குனிந்தார். விரல்கள் கைக்குட்டைமேல் பட்டன; மூடவில்லை. மறுபடி முயன்றார். பிள்ளைகளின் காதைத் திருகிப் பழகிய விரல்கள் ஒரு துண்டுத் துணியைப் பிடிக்க முடியாமல் தரையில் துழாவின. பிரபின் உதவிக்குக் குனிந்தான். அவன் விரல்களும் மூடவில்லை. இருவரும் ஒரு கைக்குட்டையைச் சுற்றி நாலு கைகளால் துழாவுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, ஜெபிதா கைப்பிடியை இறுக்கினாள். அப்போது பிரபின் தன் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, அது யாருடைய கை என்று விசாரிக்கிறவனைப்போலப் பார்த்தான். பிறகு எழுந்து, அப்பாவைக் கேட்காமல், முழங்கையால் குமிழைத் தள்ளினான்.

வெளியே ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் தயாராக இருந்தது. ரியாஸ் சாரின் கையைத் தேய்த்துவிடப் போனான்; தேய்க்கக் கூடாது என்று ஜெபிதா அவனைத் தள்ளினாள். மாமனாரின் கோட்டுப் பட்டன்களை அவள்தான் கழற்ற வேண்டியிருந்தது. அவர் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. அந்த இடைவெளிகளில் பேசினார்.

"துணி... நல்ல துணி. பட்டனத்தான்... சின்னதா வச்சிட்டான்."

ஆலயத்துக்கு அவள் கொண்டுவந்திருந்த பெரிய கைப்பையில் பாட்டுப் புத்தகத்துக்குக் கீழே கம்பளி உள்ளுடுப்பு இருந்தது. பிரபினின் கைக்கு உயிர் வந்ததும் அவனைத் துடைத்துக் காயவைத்து, அதைப் போட்டு, மேலே, கம்பெனி கொடுக்கப்போகும் உடுப்புக்குப் பதிலாக, ரியாஸின் ஆட்களில் ஒருவருடைய ஜாக்கெட்டை மாட்டி, கையுறையும் கொடுத்து, மறுபடி உள்ளே அனுப்பினாள். இந்தத் தடவை கண்ணாடிக்கு முன்னால் அவள் நிற்கவில்லை. ரியாஸ் டீ வரவழைத்தான்; எல்லோரும் குடித்தார்கள்; தேவசுந்தரம் இரண்டாவது டீயும் குடித்தார். முதலில் நின்றதைவிட அதிக நேரம் ஆகிவிட்டது என்று ரியாஸ் கதவைத் திறந்தபோது, பிரபின் உள்ளே சும்மா நிற்க அலுத்துப்போய், சரிந்து கிடந்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மூக்குதான் சில்லிட்டது என்றான்.

ஞானரத்தினம் ரியாஸ் கொடுத்த போர்வைக்குள்ளிருந்து மகனை மேலும் கீழும் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு விளக்கம் உருவாகிக்கொண்டிருப்பதை ஜெபிதா கவனித்தாள். உருவாகாமல் இருந்தால்தான் அதிசயம்.

"மொதல்ல நம்ம துணியப் போட்டு நின்னதுல ஒடம்பு பழகிட்டு" என்றார். "பழகுன ஒடம்பு எதையும் தாங்கும். அதான் விஷயம். இத வேணா நீ மேலுக்குப் போட்டுக்கோ. நம்ம செட்டுல ரெண்டாவது கொண்டு போ மக்கா. சபையார் ஜெபிச்ச துணி."

தேவசுந்தரம் அதுதான் சரி என்றார். ஜெபிதாவின் நாக்கு நுனியில் நாலு வாக்கியங்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் நன்றாகத் தீட்டியது. அவள் ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால் பிரபின் இன்னொரு தடவை தப்பித்துக்கொள்வான். தண்ணீர்ப் பேசினைத் தூக்கிப் போய் வாசலில் கொட்டிவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள்.

"வேண்டாம்ப்பா" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டது.

"என்னல?"

"போட மாட்டேன். பருத்தி கூடாதுன்னு அவுக மொத நாளே சொல்லிட்டாக. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

ஜெபிதா திரும்பிப் பார்த்தபோது ஞானரத்தினம் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அது இல்லாமலே மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளே தெரியும்" என்றார். "தெரிஞ்சிட்டே அளவு குடுத்த. ஆலயத்துல வந்து நின்ன. என்னைய இந்தச் சட்டையப் போட வச்சி, இங்கன கொண்டாந்து நிறுத்துன. இத்தன நாளா நீ யாரலே கோமாளியாக்கிட்டு இருந்த?"

அந்த மனிதர் இந்த ஒரு மாசத்தில் கேட்ட கேள்விகளில் இது ஒன்றுதான் நியாயமானது என்று ஜெபிதாவுக்குப் பட்டது. அப்படிப் பட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஞானரத்தினம் எழுந்தார். ஈரக் கோட்டைச் சுருட்டித் தம்பியின் மடியில் போட்டு, வே, நீ வச்சுக்கோ, மார்கழிக்கு ஆகும் என்றார். தேவசுந்தரத்துக்கு அதில் இருந்த அவமானம் புரியவில்லை. தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டார். ஞானரத்தினம் தம் மகனின் காரில் ஏற மறுத்தார். ரோட்டில் போன ஆட்டோவை நிறுத்தி, தம்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார். சபையாரிடம் அடுத்த வாரம் அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது ஜெபிதாவுக்கு இப்போதே தெரியும்: தாமே நேரில் சோதித்து, கம்பளிதான் சரி என்று தாமே கண்டுபிடித்ததாகச் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும். பெட்டிக்குள் கம்பளி போனால் போதும்.

காரில் இருவரும் தனியாக இருந்தார்கள். பிரபின் சாவியைப் போட்டவன் வண்டியை எடுக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான். முகத்தில் வேதனை இருந்தது. அதற்கு அடியில், பரிசுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனின் எதிர்பார்ப்பும் இருந்தது. முப்பத்தோரு வயதில் ஒரு வாக்கியம் சொன்னதற்கு.

"சொல்லிட்டேம்லா?" என்றான்.

"சொன்னீங்க. இத மொத நாளே சொல்லியிருந்தா மாமாவும் மானத்தோட இருந்திருப்பாக." அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "அங்கனயும் ஒரு பெரிய மனுசன் இருப்பான். காத்து ஜாஸ்தியா அடிக்க அன்னைக்கு, பரவால்ல, ஏறுன்னு சொல்லுவான். அப்பமும் வாயத் தொறக்கணும். அன்னைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்க மாட்டேன்."

"சரி" என்றான் பிரபின்.

யார் எதைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அதுதான் என்பதால், ஜெபிதா அதை நம்பவில்லை.